பத்தை ஒன்றாக்கியது நான்தான்

"அண்ணா, ரீபூட் பண்றதுக்கு முன்னாடி ஒரு டம்ப் எடுத்துக்கலாமா?"

"வேணாம்மா, நேரமில்ல. பவர் சைக்கிள் பண்ணிடு."

"சரிங்கண்ணா."

எங்கள் டீமில் இருந்த பெண்ணுக்கும் எனக்கும் இவ்வளவுதான் பேச்சு. டம்ப் என்றால் மெமரியில் இருப்பதை அப்படியே எழுதி வைப்பது. பவர் சைக்கிள் என்றால் மெஷினை அணைத்துத் திரும்பப் போடுவது, மெமரி அழிந்துவிடும். ராத்திரி ஒன்றே முக்கால் இருக்கும். அந்தச் "சரிங்கண்ணா"வில் கோபம், வருத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் அது என்னை விட்டுப் போகவில்லை.

எந்த டெர்மினலைத் திறந்தாலும் 10 நொடிக்கு ஒருமுறை அதே வரி வந்து விழுந்துகொண்டிருந்தது: 'லோ' விடுபடக் காத்திருக்கிறது, யூசேஜ் கவுண்ட் 1. ப்ரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரோடு பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: 'லோ' என்பது லூப்பேக், தனக்குத்தானே பேசிக்கொள்ளும் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ். அதை இன்னும் ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது என்று அர்த்தம். எங்களிடம் இருந்தது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 4.4 பதிப்பு. நின்றுபோன கன்டெய்னரின் நெட்வொர்க் நேம்ஸ்பேஸை, அதாவது அதற்கென்று ஒதுக்கிய தனி நெட்வொர்க்கை, கலைக்க அதில் ஒரே வரிசைதான். அதுவும் மற்றவற்றைத் தடுக்கும் லாக்கைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருக்கும். முன்னால் ஒன்று சிக்கினால் பின்னால் இருப்பவை எல்லாம் நிற்கும், புது நேம்ஸ்பேஸும் பிறக்காது. புதுக் கன்டெய்னர் தொடங்க டாக்கர் ரன் அடித்தால் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். ரீபூட்டை விட்டால் வேறு வழி கிடையாது. அந்த முடிவு சரிதான், இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் அவள் ரீபூட் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அந்த மெஷினில் டம்ப் எடுக்கும் கேடம்ப் வசதி ஏற்கெனவே தயாராக இருந்தது. வேண்டுமென்றே கிராஷ் செய்தால் மெமரியை எழுதி வைத்துவிட்டு மெஷின் தானாகவே எழுந்துவிடும். கூடுதலாக ஆகியிருக்கக்கூடியது 10, 15 நிமிடம். இது எனக்கு அப்போதே தெரியும்.

அவளுக்குத் தெரியாத ஒன்றும் எனக்குத் தெரியும். டாக்கர் ஸ்டாப் கொடுத்தால் முதலில் 'முடித்துக்கொள்' என்று சிக்டெர்ம் போகும், 10 நொடி பொறுக்கும், அதற்கப்புறம்தான் உடனே கொல்லும் சிக்கில். எங்கள் டெஸ்ட் கன்டெய்னர்கள் சிக்டெர்ம் வந்ததும் நெட்வொர்க் வழியே இணைத்திருந்த ஃபோல்டரை, அதாவது சம்பா ஷேரை, அன்மவுன்ட் செய்து கழற்றிவிட்டுப் போகும். அதற்கு மூன்று நான்கு நொடி பிடிக்கும். டெஸ்ட்களை ஓட்டும் பைப்லைன் மெதுவாக ஓடுகிறது என்று எல்லோரும் புலம்பியபோது, மூன்று வாரம் முன்பு, அந்த 10-ஐ 1 ஆக்கியது நான்தான். அன்மவுன்ட் முடியும் முன்பே சிக்கில் வந்துவிடும். பைப்லைன் வேகமானது. மீட்டிங்கில் பாராட்டும் கிடைத்தது.

செய்தியில் 'லோ' என்று வருவதை நம்பி லூப்பேக்கைத் தோண்டினால் ஒன்றும் கிடைக்காது. கன்டெய்னரின் இன்டர்ஃபேஸ் அழியும்போது அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் ரூட் (பாதை) பதிவுகளை அந்தக் காலத்துக் கெர்னல் அதே நேம்ஸ்பேஸின் லூப்பேக்குக்கு மாற்றிவிடும். கடைசியாகப் போவதும் லூப்பேக்தான். எங்கோ மூடி முடியாத ஒரு நெட்வொர்க் இணைப்பின், அதாவது டிசிபி சாக்கெட்டின், பழி அதன் தலையில் வந்து விழும். யார் பிடித்திருக்கிறார்கள் என்று குறித்து வைக்கும் வசதி 5.17 கெர்னலில்தான் வந்தது, 2022-ல். எங்களுக்கு அன்று இருந்த ஒரே சாட்சி அந்த மெமரி. அதைத்தான் அழிக்கச் சொன்னேன்.

காரண அறிக்கையில் 'ஏற்கெனவே தெரிந்த கெர்னல் பிழை' என்று எழுதினேன். பொய் இல்லை. மேலே ஓடும் ப்ரோகிராம் எவ்வளவு முரட்டுத்தனமாகச் செத்தாலும் கெர்னலின் கணக்கு தப்பக்கூடாது. மெமரி தீர்ந்துபோனால் கெர்னலே கொல்கிறது, அது ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை. பின்னால் படித்தேன், லினக்ஸ் மாதிரி இன்னொரு சிஸ்டமான ஃப்ரீபிஎஸ்டியில் 2016-ல், அங்கே கன்டெய்னர் மாதிரி இருக்கும் ஜெயில்களின் நெட்வொர்க்கைக் கலைக்கும் வரிசையையே திருப்பி எழுதியிருக்கிறார்கள். முதலில் இன்டர்ஃபேஸைப் பிடுங்குவதை விட்டு, மேலடுக்கிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கீழே வருகிறார்கள். யார் எப்படிச் செத்தாலும் ஒழுங்காகக் கலைப்பது கெர்னலின் பொறுப்பு என்றுதானே அர்த்தம்? அப்படியென்றால் என் ஒரு நொடி வெறும் சந்தர்ப்பம்தான்.

இதை எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் அந்த 15 நிமிடம் வந்து நடுவில் நிற்கிறது. சர்வீஸுக்காக அவசரப்பட்டேனா, டம்ப்பில் என் ஒரு நொடி தெரிந்துவிடும் என்று பயந்தேனா? பயந்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் "நேரமில்ல" என்று அவ்வளவு வேகமாக எப்படி வந்தது என்றும் தெரியவில்லை.

மறுவாரம் 1-ஐத் திரும்ப 10 ஆக்கினேன். அதற்கப்புறமும் ஒருமுறை அதே வரி வந்தது. டீம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்கு மட்டும் நெஞ்சில் ஒரு நிம்மதி. பார்த்தாயா, 10 நொடி கொடுத்தும் வருகிறது! அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூசுகிறது. அந்த முறை டம்ப் எடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

10 ஆக்கிய அந்தக் கமிட்டுக்கு, மாற்றத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ளும் ரிவ்யூவராக அவள் பெயரைத்தான் போட்டிருந்தேன். வேறு இரண்டு பேர் இருந்தும் ஏன் அவளைப் போட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. கேட்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. பழைய 1-ஐ யார் போட்டது என்பது அந்த வரியின் வரலாற்றிலேயே இருந்தது, என் பெயரோடும் தேதியோடும்.

ஆறு நிமிடத்தில் அப்ரூவ் ஆகி வந்தது. கமென்ட் எதுவும் இல்லை.