வயல் காற்றை அளக்க ஒரு பெட்டி போதும்: ப்ராஜெக்ட் எடுப்பவர்களுக்கு

சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலையில் என்ன ப்ராஜெக்ட் எடுக்கலாம் என்று மதுரைப் பக்கத் தம்பி தங்கைகள் கேட்டால் நான் சொல்வது இதைத்தான்: பயிருக்கும் காற்றுக்கும் இடையே கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு போய் வருகிறது என்று அளந்து பாருங்கள். இதற்கான வெளிநாட்டுக் கருவிகள் லட்சக்கணக்கில் விலை. ஆனால் பயிரின் மேல் வைக்க அடிப்பக்கம் திறந்த ஓர் அக்ரிலிக் பெட்டி, கார்பன் டை ஆக்சைடை அளக்கும் எஸ்சிடி30 மாதிரி அகச்சிவப்பு சென்சார், ஆர்டுயினோ என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை, மூடியைத் திறந்து மூட மோட்டார், உள்காற்றைக் கலக்க ஒரு சின்ன ஃபேன், எஸ்டி கார்டு இருந்தால் வேலை நடக்கும். சோழவந்தான் பக்கம் நெல் வயலில் நான் இதை வைத்துத்தான் அளந்தேன்.

“விலை குறைந்த சென்சாரை எப்படி நம்புவது?” என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கட்டாயம் கேட்பார்கள். நமக்கு வேண்டியது பெட்டியை மூடியதும் வாயு எவ்வளவு வேகமாக ஏறுகிறது, இறங்குகிறது என்பதுதான். சென்சார் எப்போதும் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கூட்டிக் காட்டினாலும் அந்த வேகம் மாறாது. 60 சென்டிமீட்டர் உயர நேர்ச்சுவர்ப் பெட்டியில், 35 டிகிரியில், வினாடிக்கு 0.1 பிபிஎம் ஏறினால் சதுர மீட்டருக்கு வினாடிக்குச் சுமார் 2.4 மைக்ரோமோல் (மோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோமோல்) வெளியேறுகிறது. இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

சென்சாரின் தானியங்கித் திருத்தத்தை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். தான் பார்த்த மிகக் குறைந்த அளவை அது வெளிக்காற்றின் 400 பிபிஎம் என்று வைத்துக்கொள்ளும். நல்ல வெயிலில் மூடிய பெட்டிக்குள் நெற்பயிர் அதற்கும் கீழே இழுத்துவிடும். அப்புறம் வரும் தரவெல்லாம் கோணல்தான்.

கசிவு பார்ப்பது சுலபம். பெட்டியைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்து, விளிம்பை அடைத்து, உள்ளே ஒரு மூச்சு ஊதிவிட்டுக் கவனியுங்கள். ஏறிய அளவு அப்படியே நிற்க வேண்டும். மளமளவென்று இறங்கினால் மூடியின் ரப்பரை மாற்றுங்கள்.

நம்மூர் வெயிலில் மூன்று நிமிடத்துக்கு மேல் மூடி வைக்காதீர்கள். உள்ளே சூடேறினால் இலைத்துளைகள் சுருங்கி, பயிரின் இயல்பே மாறிவிடும். கறுப்புத் துணி போர்த்தி இன்னொரு முறை அளந்தால் சுவாசம் மட்டும் கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒளிச்சேர்க்கை.

வரப்பிலிருந்து பெட்டி வரை பலகை போடுங்கள். தொழியில் (உழுது கலக்கிய வயலில்) கால் வைத்தால் சேற்றில் அடைந்திருக்கும் வாயு குமிழியிட்டு வந்துவிடும். பெட்டி உட்காரும் அடிச்சட்டத்தை நடவோடு சேர்த்தே மண்ணில் இறக்க வேண்டும். நடவுக்குப் பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறக்கும் தேதி அணையின் இருப்பைப் பொறுத்து மாறும் என்பதால், அதற்கு முன்பே பெட்டியைச் செய்து முடித்துவிடுங்கள்.