அன்னம்மாள் மலையில 32 அருள் நிறைந்த மரியே

இந்த ஜூலையும் மலேசியா, பினாங்கு மாநிலத்துல இருக்கிற புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போயிட்டு வந்தோம். ஜார்ஜ்டவுன்ல ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்ல கொமுட்டர் ரயில் பிடிச்சு, அப்புறம் கிராப் டாக்சி. திருநாள் என்னவோ 26ஆம் தேதிதான், ஆனா அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஜனம் வந்துக்கிட்டேதான் இருக்கும், இந்துக் குடும்பங்களும் நிறைய வருவாங்க, மாதாவையே பெத்த தாயாச்சே, குழந்தை வரம் கேட்டுப் போனவங்க கைக்குழந்தையோட வந்து மெழுகுவர்த்தி ஏத்துறதப் பாத்தா மனசு நெறஞ்சிடும். 2019ல பசிலிக்கா ஆனதுக்கு அப்புறமும் அந்தப் பழைய கோயில் பக்கம் போய் நின்னாத்தான் எனக்கு வந்த மாதிரி இருக்கும்.

அத்தையால இப்ப மலை ஏற முடியாது. கிளம்பறப்பவே சொல்லிட்டாங்க, "எனக்கு ஊத்துத்தண்ணி ஒரு போத்தல் போதும்டா. மேல போய் 32 அருள் நிறைந்த மரியே சொல்லிட்டு வா."

அந்த ஜெபம் ஏன் 32 தடவைன்னு எங்க வீட்ல யாரும் கேக்க மாட்டோம்.

1988 ஜூலை 31, ஞாயித்துக்கிழமை. அன்னம்மாள் திருவிழாவுக்குப் போயிட்டுத் திரும்புற கூட்டம், பினாங்குத் தீவுல நடந்த குவான் யின்ங்கிற சீன அம்மன் ஊர்வலத்துக்குப் போற சீனவங்க கூட்டம், எல்லாம் ஒண்ணா ஃபெரி ஏற பட்டர்வொர்த் ஜெட்டியில. தீவுக்குப் போற பினாங்குப் பாலம் 1985லயே தெறந்தாச்சு, ஆனா கார் இல்லாத குடும்பத்துக்கு ஃபெரிதானே. ஜெட்டியோட மேல் தளம் கனம் தாங்காம இடிஞ்சு கீழ நின்னவங்க மேல விழுந்துடுச்சு. 32 பேர் இறந்துட்டாங்க, 1,634 பேருக்குக் காயம்.

நான் சின்னப் பையன், அப்பா கையப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கரையில, ஜார்ஜ்டவுன் ஜெட்டியில நிக்கிறேன், அத்தையக் கூட்டிட்டுப் போக வந்திருந்தோம், கச்சான் பொட்டலம் தீந்து போச்சு ஆனா ஃபெரியக் காணோம், அப்புறம் யாரோ ஒரு மலாய்க்காரர் "ஜெத்தி ரொபோ, ஜெத்தி ரொபோ"ன்னு, ஜெட்டி இடிஞ்சிடுச்சுன்னு கத்திக்கிட்டே ஓடினாரு, அப்பா கை என் கைய நசுக்குற மாதிரி இறுகுச்சு. ஹேண்ட்ஃபோன் எல்லாம் ஏது அப்ப, ஒரு கடை ரேடியோவச் சுத்தி எல்லாரும் நிக்கிறாங்க, ஒரு அம்மா மட்டும் கடலப் பாத்து ஜெபமால சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

அத்தை இருக்காங்கன்னு மறுநாள்தான் தெரிஞ்சது, கால் ஒடைஞ்சு ஆஸ்பத்திரியில. இடிபாட்டுக்குள்ள ஒரு சீனப் பொம்பள அவங்க கைய விடவே இல்லையாம், தூக்குறப்பதான் கை பிரிஞ்சுது, அந்தம்மா பிழைச்சாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் அத்தைக்குத் தெரியாது.

"சாமி கும்பிட்டுட்டு வந்தவங்களுக்கே ஏன் பாட்டி இப்படி?"ன்னு அழுதேன். பாட்டி பதில் சொல்லல, மடியில உக்கார வெச்சு ஜெபமாலைய என் கையில குடுத்தாங்க. அதுக்காக நான் பாட்டிய ரொம்ப மதிக்கிறேன், ஏன்னா அந்த வாரம் பூரா வீட்டுக்கு வந்தவங்க ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க, ஒண்ணுகூட ஒரு பச்சப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி இல்ல.

அடுத்த வருஷம் அத்தை மறுபடியும் கிளம்பினாங்க, ஃபெரியிலதான். எல்லாரும் திட்டினாங்க. "அங்க செத்தவங்களுக்கு யாரு சொல்லுவா?"ன்னு கேட்டாங்க. சீனவங்களும் உண்டே, அவங்களுக்கும் மரியே சொல்லலாமான்னு நான் கேட்டேன். "என் கையப் பிடிச்சவ எந்தச் சாமின்னு பாத்தா பிடிச்சா?"

தமிழ்ப் பூசை முடிஞ்சு மலை ஏறினேன். வெயில் சரியான வெயில், சிலுவைப்பாதை ஸ்தலம் ஒவ்வொண்ணா நின்னு நின்னு, ஜெபமால மணி ஒண்ணுக்கு ஒரு ஆளுன்னு சொல்லிக்கிட்டே போனேன். மூணு பத்து முடிஞ்சு இன்னும் ரெண்டு மணி, 32 ஆயிடுச்சு. அங்க நிறுத்த முடியல. அன்னிக்கு எங்க பக்கத்துல கடலப் பாத்து நின்ன அந்த அம்மாவுக்கு யாரு வரணுமோ, வந்தாங்களா இல்லையா? மிச்ச மணியெல்லாம் கரையில காத்திருந்தவங்களுக்குன்னு ஒப்புக்கொடுத்து ஜெபமாலையோட அம்பத்தையும் முடிச்சேன், அப்பாவையும் சேத்து.

வீட்டுக்கு வந்து அத்தைகிட்ட சொன்னேன். தண்ணியக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "இனிமே அப்படியே சொல்லு"ன்னாங்க. அடுத்த ஜூலை மலைக்குப் போறவங்க உங்க ஜெபத்துலயும் இவங்கள எல்லாம் சேத்துக்குங்க, ப்ளீஸ்.