ரோம வரலாற்றை ஏ லெவலுக்கு எடுக்கும் தம்பி, தங்கைகளுக்கு

இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவலுக்கு ஏன்சியன்ட் ஹிஸ்டரி (பண்டைய வரலாறு) என்று ஒரு பாடம் இருப்பதே நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. கணிதம், கெமிஸ்ட்ரி, பயோலொஜி ஆகிய மூன்றுக்கும் வெளியே எதைத் தொட்டாலும் வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். "அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போறது?" என்று மாமா கேட்டார். சட்டம் படிக்கப் போகிறேன், அதற்கு உதவும் என்றேன். அது பாதி உண்மை. ரோமைப் பற்றிப் படிக்க வெறும் ஆசையாக இருந்தது என்பது மீதிப் பாதி. அதை அவரிடம் சொல்லவில்லை.

நான் படித்தது ஓசிஆர் என்ற தேர்வு வாரியத்தின் பாடத்திட்டம். ஒரு வினாத்தாள் கிரேக்கம், இன்னொன்று ரோம். லத்தீன் தெரிந்திருக்கத் தேவையில்லை, எல்லாம் மொழிபெயர்ப்பில்தான். ரோமுக்குள் இரண்டு பகுதிகள். கி.மு. 31 முதல் கி.பி. 68 வரை அகஸ்டஸ், டைபீரியஸ், கலிகுலா, கிளாடியஸ், நீரோ ஆகிய ஐந்து பேரரசர்களின் காலம் எல்லோருக்கும் பொது. அதோடு ஆழமாகப் படிக்க ஒரு பகுதியைப் பாடசாலை தெரிவு செய்யும். எங்களுக்கு வந்தது கி.மு. 88 முதல் 31 வரை, பேரரசர்களுக்கு முன்பிருந்த குடியரசு சிதைந்த கதை. கிளாசிக்கல் சிவிலைசேஷன் என்று வேறொரு பாடமும் உண்டு. அதில் இலக்கியமும் கலையும் தூக்கல். பெயரைப் பார்த்துக் குழம்பி மாறி எடுத்துவிடாதீர்கள்.

முதல் தடை பெயர்கள். ரோமர்கள் புதுப் பெயர் யோசிக்கவே மாட்டார்கள் போலிருக்கிறது. அக்ரிப்பினா என்று தாயும் மகளும். டிரூசஸ் என்று டைபீரியஸின் தம்பி, டைபீரியஸின் மகன், கலிகுலாவின் அண்ணன். போதாததற்குத் தத்தெடுத்தால் பெயரும் மாறும். ஒக்டேவியஸாகப் பிறந்தவர் கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசரின் உயிலால் சீசர் ஆகிறார், கி.மு. 27-ல் அகஸ்டஸ் ஆகிறார். நீரோ பிறந்தபோது அவர் பெயர் லூசியஸ் டொமிட்டியஸ்.

புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் குடும்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலையில் ஏறாது. பெரிய தாள் ஒன்றில் நீங்களே வரையுங்கள். இரத்த உறவுக்கு ஒரு நிறம், தத்துக்கு இன்னொரு நிறம். என்னுடைய மரத்தில் உறவுமுறைகளைத் தமிழில்தான் எழுதினேன், சட்டென்று பிடிபட்டது. கலிகுலாவுக்குப் பின் வந்த கிளாடியஸ் அவனுக்குச் சித்தப்பா. அந்தச் சித்தப்பா கலிகுலாவின் தங்கையை, அதாவது தன் அண்ணன் மகளையே, கலியாணம் கட்டினார். அதற்கு வசதியாக கி.பி. 49-ல் ரோமின் மூத்தோர் மன்றமான செனட் வழி செய்து கொடுத்தது. வரைந்து முடித்ததும் ஒரு விஷயம் தானாகக் கண்ணில் படும்: இந்த ஐந்து பேரில் ஒருவருக்குப் பின்னாலும் அவர் பெற்ற மகன் ஆட்சிக்கு வரவில்லை. வாரிசுச் சிக்கலைப் பற்றிய கட்டுரைக் கேள்விக்கு உங்கள் முதல் பந்தி அங்கேயே கிடைத்துவிட்டது.

குடியரசுப் பகுதிக்கு வேறு வழி. அங்கே ஆட்களைவிடப் பதவிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். சர்வாதிகாரி சுல்லா வகுத்த ஒழுங்குப்படி குவெஸ்டர் (நிதி அதிகாரி) ஆக 30 வயது, பிரீட்டர் (நீதி அதிகாரி) ஆக 39, கொன்சல் (ஆண்டுதோறும் தேர்வாகும் இரு ஆட்சித் தலைவர்களில் ஒருவர்) ஆக 42. பேச்சாளர் சிசரோ ஒவ்வொரு படியாக ஏறி, சட்டம் அனுமதித்த முதல் வருடத்திலேயே, கி.மு. 63-ல், கொன்சல் ஆனார். குடும்பத்தில் அவருக்கு முன் யாரும் செனட்டில் இருந்ததில்லை என்பதால் அது பெரிய சாதனை. இப்போது தளபதி பொம்பேயஸைப் பாருங்கள். அவரும் சிசரோ பிறந்த அதே கி.மு. 106-ல் பிறந்தவர்தான். ஆனால் கி.மு. 70-ல், 35 வயதில், கீழ்ப் பதவி ஒன்றைக்கூட வகிக்காமல் நேரே கொன்சல் ஆகிவிட்டார். அவரிடம் படை இருந்தது. கி.மு. 43-ல் ஒக்டேவியன் (பின்னாளின் அகஸ்டஸ்) படையோடு ரோமுக்குள் வந்து கொன்சல் பதவியை எடுத்துக்கொண்டபோது அவருக்கு வயது 19.

42, 35, 19. குடியரசு ஏன் விழுந்தது என்ற கேள்விக்கு வகுப்பில் தந்த குறிப்புகள் எல்லாம் எனக்கு இந்த மூன்று எண்களைச் சுற்றித்தான் நினைவில் நின்றன. நிலப் பிரச்சினை, படைவீரர்களின் விசுவாசம் செனட்டை விட்டுத் தளபதியிடம் போனது, தளபதிகளுக்குக் கொடுத்த சிறப்புப் படை அதிகாரங்கள், கையூட்டு எல்லாவற்றையும் இதில் கோத்துவிடலாம்.

சரி, இனி முக்கியமான விஷயம். கதை தெரிந்தால் மட்டும் இந்தப் பாடத்தில் தப்ப முடியாது. அந்தக் கதை நமக்கு யார் வழியாக வந்தது, அவர் எப்போது எழுதினார், எதற்காக எழுதினார் என்பதற்குத்தான் புள்ளிகள்.

கி.பி. 64-ல் ரோமில் பிடித்த தீயையே எடுத்துக்கொள்வோம். "ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான்" என்று மேடைப் பேச்சுகளில் கேட்டே வளர்ந்திருப்போம். பிடில் அந்தக் காலத்தில் கிடையாது, அதை விடுங்கள். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் சொல்வதைப் பாருங்கள். தற்செயலா, பேரரசரின் சதியா என்பது நிச்சயமில்லை, இரண்டையும் எழுதியவர்கள் இருக்கிறார்கள் என்று தொடங்குகிறார். தீ பிடித்தபோது நீரோ நகரில் இல்லை, கடற்கரை ஊரான அன்டியத்தில் இருந்தார். திரும்பி வந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டார், தானிய விலையைக் குறைத்தார். ஆனாலும் நகரம் எரியும்போது அவர் பழங்கதையில் வரும் திரோய் நகரின் அழிவைப் பாடினார் என்ற வதந்தி பரவியது. டாசிட்டஸ் இதை வதந்தி என்றுதான் எழுதுகிறார், கவனியுங்கள். பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய சுவெட்டோனியஸிடம் போனால் சந்தேகமே இல்லை: நீரோதான் கொளுத்தினார், மெசீனஸின் கோபுரத்தில் நின்று மேடை உடையில் பாடினார். பிற்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோவும் நீரோவின் ஆட்கள்தான் தீ வைத்தார்கள் என்கிறார். டியோவின் கதையில் நீரோ பாடும் இடம் அரண்மனை உச்சி.

மூன்றையும் அருகருகே வைத்து வாசிக்கும்போதுதான் பாடம் உண்மையில் தொடங்குகிறது. தீ நடந்தபோது டாசிட்டஸ் சின்னப் பையன். சுவெட்டோனியஸ் பிறந்திருக்கவே மாட்டார். டியோ எழுதியது மூன்றாம் நூற்றாண்டில். காலம் தள்ளிப் போகப் போகக் கதை உறுதியாகிக்கொண்டு வருகிறது! ஆனால் "டாசிட்டஸ்தான் முந்தியவர், ஆகவே நம்பலாம்" என்று எழுதிவிட்டு ஓடாதீர்கள். அவர் செனட்டர், பின்னாளில் ஆண்ட பேரரசர் டொமிஷியனின் கொடுமையைக் கண்ணால் பார்த்தவர், பேரரசர்களைப் பிடிக்காதவர். நீரோவைப் பிடிக்காத அப்படிப்பட்ட ஒருவரே தீயைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறார் என்பதால் அந்தத் தயக்கத்துக்கு எடை கூடுகிறது. இப்படி எழுதினால் அது மதிப்பீடு. "டாசிட்டஸ் பக்கச்சார்பானவர்" என்ற ஒற்றை வரி எந்தக் கட்டுரையிலும் ஒட்டும், அதனால்தான் அதற்கு மதிப்பில்லை.

கலிகுலாவுக்கு இன்னொரு சிக்கல். டாசிட்டஸின் வரலாற்றில் அவருடைய ஆட்சிக் காலம் முழுவதும் தொலைந்துபோன புத்தகங்களில் இருக்கிறது. ஆகவே பெரும்பாலும் சுவெட்டோனியஸையும் டியோவையும் நம்பித்தான் ஓட வேண்டும். சுவெட்டோனியஸோ காலவரிசைப்படி எழுதுபவர் அல்ல. நல்லதை ஒரு பக்கம், கெட்டதை ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்குவார். கலிகுலா ஒரு நாள் திடீரென்று பைத்தியம் ஆனதுபோல் தோன்றுவதில் அந்த அடுக்கு முறைக்கும் பங்குண்டு என்று எனக்குப் படுகிறது.

எழுத்தை மட்டும் படிக்காமல் நாணயங்களையும் பாருங்கள். கி.பி. 54-ல், நீரோ பதவிக்கு வந்த உடன் வெளியான நாணயத்தில் அவரும் தாய் அக்ரிப்பினாவும் நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கிறார்கள். அடுத்த வருடம் இருவர் முகமும் ஒரே பக்கம் திரும்பியிருக்க, நீரோ முன்னே, தாய் பின்னே. அப்புறம் தாயின் முகம் ரோமின் நாணயங்களில் இல்லை. கி.பி. 59-ல் மகனே அவரைக் கொல்லச் செய்தார். தாயின் செல்வாக்குச் சரிந்த கதையை இந்த இரண்டு நாணயங்களை வைத்தே ஒரு பந்தியில் எழுதிவிடலாம்.

பாடத்திட்டத்தில் நான் அதிகம் ரசித்தது சிசரோவின் கடிதங்கள். மற்றவர்கள் எல்லோரும் முடிவு தெரிந்து எழுதியவர்கள். சிசரோ கி.மு. 49-ல், சீசர் படையோடு ரூபிக்கன் ஆற்றைக் கடந்து உள்நாட்டுப் போரைத் தொடங்கிய பிறகு, நண்பர் அட்டிக்கஸுக்குக் கிட்டத்தட்ட தினமும் எழுதுகிறார்: பொம்பேயஸோடு போவதா, இத்தாலியிலேயே இருப்பதா? எந்தப் பக்கம் வெல்லும் என்று அவருக்குத் தெரியாது. வாசிக்கவே பாவமாக இருக்கும். கடைசியில் பொம்பேயஸ் பக்கம் போய்ச் சேர்ந்தார், தோற்கும் பக்கம்.

இதற்குப் புள்ளி கிடைக்காது, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. அகஸ்டஸ் தன் சாதனைகளைத் தானே பட்டியலிட்டு, பொறித்து வைக்கச் சொன்ன வாசகத்தில், இந்தியாவிலிருந்து அரசர்களின் தூதர்கள் தன்னிடம் பலமுறை வந்ததாக ஒரு வரி இருக்கிறது. 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த ரோமப் பொற்காசுகள் பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பில் உள்ளன. பலவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தடம். பரீட்சைக்குப் படித்த அதே முகங்கள்தான்.

பரீட்சை அறைக்கு வருவோம். ரோம வினாத்தாளுக்கு இரண்டரை மணி நேரம், 98 புள்ளிகள். பேரரசர் பகுதியில் 30 புள்ளிக் கட்டுரை, நவீன வரலாற்றாசிரியர் ஒருவரின் கருத்தை எடைபோடும் 20 புள்ளிக் கேள்வி. ஆழ்ந்த பகுதியில் 12 புள்ளிச் சான்றுக் கேள்வி, 36 புள்ளிக் கட்டுரை. கடைசியில் வரும் கட்டுரைக்குத்தான் அதிகப் புள்ளி என்பதைக் கவனியுங்கள். அதற்கு 55 நிமிடமாவது ஒதுக்காமல், முதல் கட்டுரையில் தெரிந்ததை எல்லாம் கொட்டிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். நான் ஆழ்ந்த பகுதியை முதலில் எழுதினேன். எந்த வரிசையும் சரிதான், நேரத்தை முன்பே பிரித்து வைத்திருந்தால்.

20 புள்ளிக் கேள்வியில் பலர் அந்த வரலாற்றாசிரியரை ஒன்றில் முழுதாக ஆமோதிக்கிறார்கள், அல்லது முழுதாக மறுக்கிறார்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாக எடுத்து, எந்தப் பழைய சான்று அதைத் தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று எழுதுங்கள். டாசிட்டஸின் வாக்கியங்களைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. யார், எந்தச் சம்பவத்தைப் பற்றி, என்ன சொன்னார் என்பது துல்லியமாக இருந்தால் போதும். ஒவ்வொரு பேரரசருக்கும் ஒரு அட்டை: ஒரு பக்கம் சம்பவம், மறுபக்கம் யார் என்ன சொல்கிறார்கள்.

பாடத்திட்டம் அவ்வப்போது மாறும், ஆகவே உங்கள் வருடத்துக்கு எந்தப் பகுதிகள், எந்தச் சான்றுகள் என்று வாரியத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வினாத்தாள்களோடு தேர்வாளர்களின் அறிக்கைகளும் கிடைக்கும். மாணவர்கள் எங்கே வழுக்கினார்கள் என்று விடை திருத்தியவர்களே எழுதுவது அது. வினாத்தாளைவிட அதை முதலில் வாசியுங்கள்.