சேலத்து உப்புத் தண்ணீரும் மண்ணில்லாக் கீரையும்

மண்ணில்லாமல் உரம் கலந்த தண்ணீரிலேயே செடி வளர்க்கிற ஹைட்ரோபோனிக்ஸ் பெட்டி வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் வருவது மேட்டூர் தண்ணீரா, போர் தண்ணீரா? விளக்கு, பம்ப், எத்தனை குழி உள்ள பெட்டி என்பதெல்லாம் அப்புறம். விற்கிறவர்கள் யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை, ஆனால் சேலத்தில் செடி பிழைப்பதும் சாவதும் அதில்தான் இருக்கிறது.

நம் ஊர் போர் தண்ணீர் எப்படி என்று பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். செட்டிச்சாவடி, கருப்பூர் பக்கம் மேக்னசைட் வெட்டி எடுக்கிறார்களே, அது மக்னீசியம் கார்பனேட். அந்தப் பாறையைத் தொட்டு ஊறுகிற தண்ணீரில் மக்னீசியம் தூக்கலாக இருப்பதில் ஆச்சரியமில்லை. கீரைக்கு உரம் கலந்த பிறகு கரைசலின் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவு, 600 முதல் 800 வரை இருந்தால் போதும். போர் தண்ணீர் சும்மா பிடிக்கும்போதே 1000 காட்டினால் உரத்துக்கு எங்கே இடம்? பந்தியில் இலை முழுக்க உப்பைக் கொட்டிவிட்டு அப்புறம் சோறு பரிமாற வந்த கதைதான். அதோடு மக்னீசியம் அதிகமானால் வேர் கால்சியத்தைச் சரியாக எடுக்காது, புதுத் தளிரின் நுனி கருகும். டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. அதனால் எண்ணைப் பார்த்து 'உரம் நிறைய இருக்கிறது' என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொன்று பி.எச்., தண்ணீரின் அமிலம், காரம் காட்டுகிற எண். கீரைகளுக்கு 5.5 முதல் 6.5 வரை நல்லது. கடினத் தண்ணீரில் பைகார்பனேட் இருப்பதால் இன்றைக்கு இறக்கி வைத்தால் ஓரிரு நாளில் மறுபடி ஏறி நிற்கும். ஏறினால் இரும்புச்சத்து கரைசலில் இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது, இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். எலுமிச்சம்பழம் பிழியச் சொல்கிறார்கள், பிழியலாம், ஆனால் அந்த அமிலத்தை நுண்ணுயிர்கள் சீக்கிரம் தின்றுவிடும். அக்வேரியம் கடைகளிலும் உரம் விற்கிற இடங்களிலும் கிடைக்கும் பி.எச். டவுன் திரவம் சொட்டுச் சொட்டாக விட்டால் நிற்கிறது.

சரி, எந்தத் தண்ணீர்தான் நல்லது? மாநகராட்சி காவிரித் தண்ணீர் கிடைத்தால் ஒரு இரவு பக்கெட்டில் திறந்து வைத்துவிட்டு, குளோரின் வாடை போனதும் பயன்படுத்துங்கள். போர் மட்டும்தான் என்றால் ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்தால் கால்சியம், மக்னீசியமும் அளவாகச் சேர்ந்துவிடும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை எடுக்கவே எடுக்காதீர்கள், உப்பு அத்தனையும் அதில்தான் இருக்கும். ஐப்பசி மழையை மூடியுள்ள டிரம்மில் பிடித்து வைத்தால் அதற்கு இணை எதுவும் இல்லை.

அடுத்த எதிரி வெயில். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 30 டிகிரியில் அது ஏழரை ஆகிவிடும், ஆனால் சூட்டில் வேருக்கு மூச்சு அதிகம் தேவை. கூடவே பித்தியம் என்கிற வேரழுகல் கிருமியும் அந்தச் சூட்டில்தான் கொண்டாட்டம் போடும். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி வழுவழுப்பானால் அதுதான். சித்திரையில் பால்கனியில் பக்கெட் வைக்காதீர்கள், உள்ளே தரையில் வையுங்கள், ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். நம் ஊர்க் காற்று அப்போது காய்ந்து கிடப்பதால் சாக்கு நன்றாகவே குளிர்த்தும். மீன் தொட்டிக்குப் போடுகிற சின்ன ஏர் பம்ப் ஒன்றும் போட்டுவிடுங்கள். கொத்தமல்லி, லெட்டூஸ் எல்லாம் தீபாவளிக்குப் பிறகு விதைக்கிற சங்கதி. கோடைக்கு வள்ளைக்கீரையும் கொடிப்பசலையும்தான், இரண்டும் சூட்டுக்கு அசராது.

ஏற்காட்டில் சித்தி வீட்டிலும் இதே போல ஒரு பெட்டி ஓடுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் ஏறி மேலே போனால் சாக்கும் வேண்டாம், பம்பும் வேண்டாம், கொத்தமல்லி கோடையிலும் பூக்காமல் நிற்கிறது. ஆனால் பனிமூட்டத்தில் வெளிச்சம் போதாது, ஈரத்தில் இலையில் பூஞ்சை வந்துவிடும். அதனால் சித்தி பக்கத்தில் ஒரு சின்ன ஃபேனைச் சுற்ற விட்டிருக்கிறார். நமக்குத் தண்ணீரும் சூடும் என்றால் அவர்களுக்கு வெளிச்சமும் காற்றும், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரிய கிட் எதுவும் வாங்க வேண்டாம். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறை போதும்: மூடி போட்ட பக்கெட், மூடியில் ஓட்டை, அதில் தேங்காய் நார்த்தூள் நிரப்பிய சின்ன வலைக்கிண்ணம், வேர் தொடுகிற அளவுக்குக் கரைசல். மோட்டார் கிடையாது. செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும், மேலே இருக்கும் வேர் காற்றில் மூச்சு விடும். அதனால் குறைந்துவிட்டதே என்று விளிம்பு வரை மறுபடி நிரப்பாதீர்கள், காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கிச் செத்துவிடும். பக்கெட் கறுப்பாகவோ அழுத்தமான நிறமாகவோ இருக்கட்டும், வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். ஓட்டைகளை இடைவெளி இல்லாமல் அடையுங்கள், இல்லாவிட்டால் டெங்கு கொசுவை வீட்டுக்குள்ளேயே வளர்த்த மாதிரி ஆகும்.

உரம் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வரும். கால்சியம் ஒன்றில், சல்பேட்டும் பாஸ்பேட்டும் இன்னொன்றில். இரண்டையும் நேராகக் கலந்தால் வெள்ளையாகத் திரிந்து கீழே படிந்துவிடும், தண்ணீரில் முதலில் ஏ ஊற்றிக் கலக்கிவிட்டு அப்புறம் பி. இது ஆர்கானிக்கா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். இல்லை அக்கா, தாது உப்புதான், மண்ணில் இருக்கும்போதும் வேர் அதைத்தான் உறிஞ்சுகிறது என்றேன். முழுக்க நம்பினாரா தெரியாது, கீரையை வாங்கிக்கொண்டார்.

வெளிச்சத்துக்கு ஊதா விளக்கு தேவையில்லை. சாதாரண 20 வாட் வெள்ளை எல்.இ.டி. டியூபை ஒரு சாண் உயரத்தில் மாட்டி தினம் 14 மணி நேரம் எரித்தால் மாதம் எட்டு, ஒன்பது யூனிட் ஆகும். பூச்சியே வராது என்று விளம்பரத்தில் சொல்வதை நம்பாதீர்கள், அசுவினி ஜன்னல் வழியாக வரும், வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து இலையின் அடியில் அடிக்க வேண்டும்.

அறுவடை முடிந்து மிஞ்சும் கரைசலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்துச் செம்பருத்தித் தொட்டிக்கு விடலாம்.