குழாயில் வரும் தண்ணீர்

பாபநாசம் சோதனைச் சாவடியில் வனக்காவலர் பைகளைத் திறந்து பார்த்தபோது, பதினான்கு பேர் அடைந்திருந்த வேன் முழுவதும் பிள்ளைகளின் கூச்சல்தான்.

அகத்தியர் அருவியில் அது அடங்கியது.

அண்ணனின் ஐந்து வயது மகள் ஓடும் நீரில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

"நம்ம வீட்டுக் குழாயில வாறதும் இந்தத் தண்ணிதானா, சித்தப்பா?"

ஆமாம் என்றேன். உடனே ஓடிப்போய், தன் தம்பி கரையில் எறிந்த முறுக்குக் காகிதத்தைப் பொறுக்கி வந்து என் சட்டைப்பையில் திணித்தாள்.

1988 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும் இந்தக் களக்காடு முண்டந்துறைக் காடு, பெய்த மழையை வேரில் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடுவதால்தான், பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி புன்னைக்காயலில் கடல் சேரும்வரை வயலுக்கும் வீட்டுக் குடத்துக்கும் வருகிறது என்பதை, வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கல்லிடைக்குறிச்சி தாண்டும் முன்பே மடியில் உறங்கிவிட்டாள்.