ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், முதலில் கேபிளை இழுத்துப் பாருங்கள்

ஒருவழியாக என் ரோடு பைக்கில் கியர் ஒழுங்காக விழுகிறது. இதற்காகப் பட்ட பாட்டில் பாதிக்கு மேல் தேவையே இல்லாதது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ரோடு பைக் வைத்திருக்கிற யாருக்காவது ஒரு அலைச்சல் மிச்சமாகட்டும். இங்கே சாதா சைக்கிளுக்கு நல்ல கைகள் உண்டு. வளைந்த ஹேண்டில்பாரைக் கண்டால்தான் ஒரு தயக்கம், அதை மறைக்க ஒரு தைரியம், அந்தத் தைரியத்தில்தான் வினையே வருகிறது.

வண்டி அலுமினிய ஃபிரேம், கியர் ஷிமானோ சோரா, 9 ஸ்பீடு, அதாவது பின்னால் ஒன்பது பல்சக்கரம் (இனி ‘பல்’ என்றால் அதுதான்). கியர் கேபிள் இரண்டும் ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் ஓடி, ஹேண்டில் பக்கமிருந்து பெடலை நோக்கிச் சரியும் குழாயான டவுன் டியூபுக்குள் நுழைந்து, பெடல் அச்சுக்குக் கீழே வெளியே வரும். கேபிள் முழுக்க வெளியே ஓடும் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் பாக்கியவான்கள், இதில் பாதிக் கதை அவர்களுக்குத் தேவைப்படாது.

நோய் இதுதான். பெரிய பல்லுக்கு ஏற்றினால் உடனே ஏறும். சின்னப் பல்லுக்கு விட்டால் லீவரில் ‘டக்’ என்று கேட்கும், பின்னால் ஒன்றும் நடக்காது. கொஞ்சம் மிதித்த பிறகு, நாம் மறந்துபோன நேரத்தில், இரண்டு பல் சேர்ந்தாற்போல் இறங்கும். முப்பந்தல் வரை போய்விட்டு ஆரல்வாய்மொழி வழியாக எதிர்காற்றில் திரும்புகிறவர்களுக்குத் தெரியும், காற்று கூடவும் குறையவும் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ரோட்டில் இப்படி ஒரு வண்டியை ஓட்டுவது தண்டனை.

கடைக்குக் கொண்டுபோனேன். எந்தக் கடை என்பது வேண்டாம். பையன் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, செயினைப் பல் விட்டுப் பல் தள்ளும் பின் டிரெய்லியரில் உள்ள ‘எச்’, ‘எல்’ ஸ்க்ரூ இரண்டையும் திருக ஆரம்பித்தான். அந்த ஸ்க்ரூக்கள் செயின் கடைசிப் பல்லைத் தாண்டி வெளியே விழாமலும், சக்கரக் கம்பிக்குள் போகாமலும் தடுக்கிற எல்லைக் கல் மாதிரி. நடுவில் உள்ள பற்களில் வரும் கோளாறுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. சொன்னேன். “அண்ணே, நாங்க தினம் பாக்கிறோம்” என்றான். அப்புறம் முதலாளி வந்து பார்த்துவிட்டு, டிரெய்லியர் போய்விட்டது, புதுசு போட வேண்டும் என்றார்.

டிரெய்லியர் போகவில்லை. போயிருந்தால் பெரும்பாலும் ஏறும்போதும் தகராறு செய்திருக்கும். பெரிய பல்லுக்கு ஏற்றும்போது நம் விரல் கேபிளை இழுக்கிறது, விரலுக்கு வலு உண்டு. சின்னப் பல்லுக்கு இறங்கும்போது இழுப்பது டிரெய்லியரில் உள்ள ஸ்பிரிங் மட்டும்தான். கேபிள் போகிற வழியில் எங்காவது உரசினால் அந்த ஸ்பிரிங்கால் இழுக்க முடியாது. ஆகவே ஏறும், ஆனால் இறங்காது என்றால் பெரும்பாலும் கேபிள் வழியில் எங்கோ சிக்கல். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிசகினால்தான் இழுவையையோ, டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறதா என்பதையோ பார்க்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். டிரெய்லியரில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கேபிள் நுனியைக் கையால் பிடித்துக்கொண்டு, ஷிஃப்டரை, அதாவது ஹேண்டிலில் உள்ள கியர் லீவரை, இன்னொருவர் இயக்கட்டும். வழுக்கிக்கொண்டு வர வேண்டும். என்னுடையது மணலில் இழுத்தது போல நறநறவென்று வந்தது.

சரி, கேபிளையும் அதன் உறையான அவுட்டரையும் மாற்றுங்கள் என்று சொல்லி வண்டியை விட்டுவிட்டு வந்தேன். திரும்ப வாங்கியபோது முன்னைவிட மோசம். முன்னால், பெடல் பக்கம் உள்ள பெரிய செயின்ரிங்குக்கு மாற்றினால் பின்னால் கியர் தானாக அசைகிறது! ஹேண்டிலை இடது பக்கம் நன்றாகத் திருப்பினாலும் அசைகிறது. வீட்டுக்கு வந்து டேப்பைப் பிரித்துப் பார்த்தால், கியருக்குப் போட்டிருப்பது பிரேக் அவுட்டர். போன் பண்ணிக் கேட்டதற்கு, “ரெண்டும் ஒண்ணுதாண்ணே, என்ன வித்தியாசம் கெடக்கு?” என்று பதில்.

வித்தியாசம் நிறையக் கிடக்கிறது. பிரேக் அவுட்டரின் உள்ளே கம்பி சுருள் சுருளாக ஓடும். அழுத்தினால் துளி சுருங்கும், பிரேக்குக்கு அது பரவாயில்லை. கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் நேராக ஓடும், சுருங்காது. 9 ஸ்பீடில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் கேபிள் நகர்வது சில மில்லிமீட்டர்தான், அதில் அவுட்டர் சுருங்கினால் கணக்கு எல்லாம் போச்சு. வெட்டிப் பார்த்தாலே தெரியும்: நறுக்கிய முனையில் பொடிப்பொடியாகக் கம்பி நுனிகள் வட்டமாக நின்றால் கியர், ஒரே பட்டைக் கம்பி சுற்றியிருந்தால் பிரேக். உள்ளே ஓடும் கம்பியும் வேறு. கியருக்கு 1.2 மில்லிமீட்டர், பிரேக்குக்கு 1.6. ஒரு எச்சரிக்கை: கியர் அவுட்டரை மாற்றி பிரேக்குக்குப் போட்டுவிடாதீர்கள். பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது அது பிளந்துவிடும், பிரேக் இருக்காது.

நல்ல அவுட்டர் வாங்கத் திருவனந்தபுரம் போனது அடுத்த கூத்து. போனில் “கியர் கேபிள் உண்டு” என்று உறுதியாகச் சொன்னார்கள். பாசஞ்சரில் நின்றுகொண்டே போய் இறங்கினால், எடுத்து நீட்டியது மறுபடியும் பிரேக் அவுட்டர். இருந்த இன்னரும், அதாவது உள்ளே ஓடும் கம்பியும், சாதா துத்தநாகம் பூசியது. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, போதாததற்குக் கடற்காற்று. அதில் துத்தநாகம் பூசிய கம்பி எத்தனை நாள் தாங்கும்? வெறுங்கையோடு திரும்பினேன். இனி யாரிடமும் “இருக்கா?” என்று கேட்கப்போவதில்லை, வெட்டிய முனையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள் என்பேன். கடைசியில் ஆன்லைனில் வரவழைத்தேன். 4 மில்லிமீட்டர் கியர் அவுட்டர், ஸ்டெயின்லெஸ் இன்னர், முனைகளில் மாட்டும் எண்ட் கேப்புகள், ஒரு கேபிள் கட்டர். கட்டர்தான் செலவு, ஆனால் அதில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதா பிளையரால் வெட்டினால் அவுட்டரின் வாய் நசுங்கி அங்கேயே உரசல் தொடங்கிவிடும். நல்ல கட்டரில் வெட்டினாலும் முனையை அரத்தில் சமமாகத் தேய்த்து, உள்ளே மூடியிருக்கும் பிளாஸ்டிக் துவாரத்தைக் கோணி ஊசியால் திறந்துவிட வேண்டும்.

இப்போது டவுன் டியூப். பழைய கேபிளை உருவுவதற்கு முன்னால், அதன் நுனியைச் சுத்தமாக நறுக்கிவிட்டு, மெல்லிய டெஃப்லான் லைனர் குழாயை அதன்மேல் கோத்து ஃபிரேமுக்குள் முழுக்கச் செலுத்திவிட வேண்டும். அப்புறம் கேபிளை உருவினால் குழாய் உள்ளேயே நிற்கும், புதுக் கேபிள் அதே வழியில் வரும். இது தெரிந்தால் ஐந்து நிமிட வேலை. கடைக்காரர்கள் இதைச் செய்யாமல் வெறுமனே உருவிவிட்டு, புதுசைக் குருட்டாம்போக்கில் குத்தியிருக்கிறார்கள். அது முன் டிரெய்லியர் கேபிளைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. முன் கியரை மாற்றினால் பின் கியர் ஆடியதன் ரகசியம் அதுதான். சுற்றிக்கிடந்த வழியில் லைனர் விட்டால் சிக்கலும் அப்படியே நிலைக்கும் என்பதால், இரண்டையும் உருவிவிட்டு வெற்றுக் குழாயில் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

காந்தம் வைத்து இழுக்கலாம் என்று பார்த்தேன். ஸ்டெயின்லெஸ் கம்பியை அது சரியாகப் பிடிக்கவில்லை. முட்டத்தில் இருக்கும் நண்பன், “மக்கா, இதுக்கு தங்கூசி போதும்லே” என்று வலைக்கு வைத்திருந்த நைலான் நரம்பை வெட்டிக் கொடுத்தான். தங்கூசி உள்ளே போனதும் பழைய சுருளுக்கே திரும்பி ஃபிரேமுக்குள் உருண்டு நின்றது. வேலைக்கு ஆனது சாதா தையல் நூல்தான். நூல் நுனியில் ஜவுளிக்கடை கவரின் துண்டு ஒன்றைக் கட்டி மேல் துவாரத்தில் நுழைத்து, மற்ற துவாரங்களை எல்லாம் டேப் ஒட்டி அடைத்து, கீழ்த் துவாரத்தில் வாக்யூம் கிளீனரை வைத்தால் நூல் சரசரவென்று கீழே வந்துவிடும். வாக்யூம் கிளீனர் மதினி வீட்டில் வாங்கியது, என்ன வேலைக்கு என்று சொல்லவில்லை. நூல் வெளியே எட்டிப்பார்த்தபோது நான் போட்ட சத்தத்தில் அதுவும் தெரிந்துபோயிற்று. அப்புறம் நூலோடு கேபிள் நுனியைச் செலோடேப்பால் கூம்பாகச் சுற்றி ஒட்டி மெல்ல இழுக்க வேண்டியதுதான்.

என் ஃபிரேமில் வலது ஷிஃப்டர் கேபிள் இடப்பக்கத் துவாரத்திலும், இடது ஷிஃப்டர் கேபிள் வலப்பக்கத் துவாரத்திலும் நுழைகிறது. பார்த்தவர்கள் எல்லாம் மாற்றிப் போட்டிருக்கிறாய் என்றார்கள். இல்லை. அப்படி நுழைந்தால்தான் ஹேண்டிலுக்கு முன்னால் அவுட்டர் அகலமாக வளையும். உள்ளே இரண்டு கேபிளும் ஒருமுறை குறுக்காகக் கடந்து, கீழே தத்தம் பக்கத்துக்கு வந்துவிடும். கடப்பது தப்பில்லை, சுற்றிக்கொள்வதுதான் தப்பு. போல்ட்டில் இறுக்குவதற்கு முன் ஒரு கேபிளை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், மற்றது அசையக் கூடாது.

பெடல் அச்சுக்கு அடியில் கேபிளை வழிநடத்தும் பிளாஸ்டிக் துண்டு ஒன்று உண்டு, ஒரே ஸ்க்ரூவில் நிற்கும். யாரும் குனிந்து பார்க்காத இடம். சங்குத்துறை, சொத்தவிளை பக்கம் கடலோரமாக ஓட்டுவதால் என்னுடையதில் மணலும் உப்பும், பாட்டிலில் இருந்து வழிந்த சர்க்கரைத் தண்ணீரும் சேர்ந்து சிமென்ட்டாகியிருந்தது. கேபிள் அதை அறுத்து ஆழமான பள்ளமும் போட்டிருந்தது. புதுசு போட்டேன், காசு பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் நாள் கடையில் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்திருந்தாலே பாதி நோய் அங்கேயே தெரிந்திருக்கும். எண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடும் என்று சொன்னவர்களும் உண்டு, வீட்டில் தேங்காய் எண்ணெயையே நீட்டினார்கள். எந்த எண்ணெயும் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் உறையவும் செய்யும்.

ஷிஃப்டரில் கேபிள் கோப்பதற்கு முன் சின்ன லீவரை முடிகிற வரை தட்டித் தட்டிக் கடைசிப் பல்லுக்குக் கொண்டுவர வேண்டும், அப்போதுதான் துவாரம் நேராக நிற்கும். முன்னால் அவுட்டரை அளக்கும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். பின்னால் டிரெய்லியருக்குப் போகும் கடைசி வளைவு குட்டையாக இருந்தால் மடங்கும், நீண்டால் தொங்கும். கேபிள் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் திருகான பேரல் அட்ஜஸ்டருக்குள் நேராக நுழைகிற அளவே சரி. போல்ட்டுக்கு அடியில் கேபிளுக்கென்று ஒரு பள்ளம் இருக்கிறது, அதில்தான் படிய வேண்டும். தவறான பக்கம் வைத்தால் இழுவைக் கணக்கு மாறி, என்ன செய்தாலும் எல்லாப் பல்லிலும் ஒன்றாகச் சேராது. போல்ட்டுக்கு 6 முதல் 7 நியூட்டன் மீட்டர். பிறகு பேரல் அட்ஜஸ்டரைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகியதும் கியர் வரிசையாக விழுந்தது. ‘எச்’, ‘எல்’ ஸ்க்ரூக்களைக் கடையில் திருகி வைத்திருந்ததைப் பழையபடி கொண்டுவர மட்டும் தனியாக நேரம் போனது.

போட்ட பிரேக் அவுட்டருக்கான காசைக் கடையில் கேட்டேன். “போட்ட சாமானை எடுக்க மாட்டோம்ணே” என்றார்கள். அது இப்போது என் அண்ணன் மகனின் சைக்கிளில், பிரேக்கில், அருமையாக வேலை செய்கிறது.

மீந்த இன்னர் ஒன்றைச் சுருட்டி சீட் பையில் போட்டிருக்கிறேன். பேச்சிப்பாறை மாதிரி தூரத்தில் பின் கேபிள் அறுந்துவிட்டால், மாற்றவும் வழியில்லை என்றால், செயின் கடைசிச் சின்னப் பல்லில் போய் நின்றுவிடும். அந்தப் பல்லில் குலசேகரம் வரை மிதித்து வருவதற்குள் முட்டி கழன்றுவிடும். அப்போது ‘எச்’ ஸ்க்ரூவை உள்ளே திருகினால் டிரெய்லியர் இரண்டாவது, மூன்றாவது பல்லுக்குத் தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். அந்த ஸ்க்ரூவைத் தொடுவதற்கு அதுதான் சரியான சமயம்.