டோர்ச் குமிழுக்கு 1500 வாற்று: மின் கணக்கில் நான் திருந்திய விதம்

பதினோராம் தரத்தில் ஒரு தவணைப் பரீட்சை. விஞ்ஞான வினாத்தாளில் சின்னக் கணக்கு ஒன்று வந்தது. டோர்ச் குமிழொன்றுக்குக் குறுக்கே 6 வோல்ட் அழுத்த வேறுபாடு. அதனூடாகப் பாயும் மின்னோட்டம் 250 மில்லியம்பியர். தடையையும் வலுவையும் காண்க. நான் 6ஐ 250ஆல் வகுத்துத் தடை 0.024 ஓம் என்றும், இரண்டையும் பெருக்கி வலு 1500 வாற்று என்றும் எழுதினேன். சூத்திரங்கள் இரண்டும் சரி. விடைத்தாளின் ஓரத்தில் ரீச்சர் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: “வீட்டில் துணி அழுத்தும் மின்னழுத்தியே 1000 வாற்றுத்தான், பிள்ளை.”

முகம் சூடேறியது. சட்டைப்பைக்குள் அடங்கும் டோர்ச், மின்னழுத்தியைவிட வலுக்கூடியதாக எப்படி இருக்கும் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் பேனா தானாக நின்றிருக்கும். 250 மில்லியம்பியர் என்பது 0.25 அம்பியர். 6 ÷ 0.25 = 24 ஓம். 6 × 0.25 = 1.5 வாற்று. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: சூத்திரத்தைத் தொடுமுன் தரவுகளை வோல்ட், அம்பியர், ஓம் என்ற அலகுகளுக்கு மாற்றி எழுதிவிடுங்கள். விடை வந்த பிறகு, அந்தப் பொருள் கையில் இருப்பதாக நினைத்து, எண் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அந்தப் பொருத்தம் புலப்பட வேண்டுமென்றால் எண்களோடு பழக வேண்டும். எங்கள் ஊர் மண்டூர். களுவாஞ்சிக்குடியில் வகுப்புக்குப் போவதற்குக் குருமண்வெளித் துறைக்கு வாவியைக் கடக்க வேண்டும். வீட்டில் இருந்த மின்சாமான் ஒவ்வொன்றின் அடியையும் திருப்பி, அங்கே அச்சடித்திருந்த வோல்ட்டையும் வாற்றையும் கொப்பியில் குறித்துக்கொண்டேன். படகுப்பாதையில் நிற்கும்போது அவற்றுக்கு மின்னோட்டமும் தடையும் கணிப்பேன். முதலில் எடுத்தது மின்கேத்தல்: 230 வோல்ட், 2000 வாற்று. 2000 ÷ 230 = ஏறத்தாழ 8.7 அம்பியர். இதை 5 அம்பியர் பிளக்கில் செருகக்கூடாது என்று அப்பா ஏன் அதட்டுவார் என்பது அன்றுதான் விளங்கியது. தடை வேண்டுமானால் வோல்ட்டின் வர்க்கத்தை வாற்றால் வகுக்கலாம்: 52900 ÷ 2000 = 26.45 ஓம்.

இந்தக் கேத்தல்தான் எனக்கு இன்னொரு பாடமும் நடத்தியது. பின்னேரங்களில் எங்கள் வீதியில் மின்னழுத்தம் இறங்கிவிடும். தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதிக்க நெடுநேரம் எடுக்கும். 230 வோல்ட் 200ஆகக் குறைந்தால் கேத்தலின் வலு என்ன? நான் உடனே 2000ஐ 230ஆல் வகுத்து 200ஆல் பெருக்கினேன். 1739 வாற்று வந்தது. பிழை. மின்னோட்டம் பழைய 8.7 அம்பியரிலேயே நிற்கும் என்று எண்ணிவிட்டேன். உண்மையில் நிற்பது தடை. 200 ÷ 26.45 = 7.56 அம்பியர், 200 × 7.56 = ஏறத்தாழ 1512 வாற்று. அழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் கூடவே குறைவதால் வலுவுக்கு இரண்டு தரம் அடி விழுகிறது. அழுத்தம் குறைந்தது 13 சதவீதம். வலு குறைந்ததோ 24 சதவீதம். பரீட்சையில் இவ்வகைக் கணக்கு வந்தால் எது மாறாமல் நிற்கிறது என்பதை முதலில் தேடுங்கள். பொருளில் அச்சடித்திருக்கும் வாற்று, அதே இடத்தில் அச்சடித்திருக்கும் வோல்ட்டுக்கு மட்டுமே உரியது.

60 வாற்றுக் குமிழுக்கும் 100 வாற்றுக் குமிழுக்கும் எதற்குத் தடை கூட என்று கேட்டால் பலர் 100 என்பார்கள். 230 வோல்ட்டில் கணித்துப் பாருங்கள்: 100 வாற்றுக் குமிழுக்கு 529 ஓம், 60 வாற்றுக் குமிழுக்கு ஏறத்தாழ 882 ஓம். வீட்டில் எல்லாம் சமாந்தரமாக இணைந்திருப்பதால் அழுத்தம் ஒன்றே. தடை குறைந்த குமிழே பிரகாசமாக எரிகிறது. இரண்டையும் தொடராக இணைத்தால் மின்னோட்டம் ஒன்றாகி, 60 வாற்றுக் குமிழே பிரகாசமாக எரியும். வலுவைக் காணத் தொடரில் மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்குவதும், சமாந்தரத்தில் அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுப்பதும் சுலபம்.

அழுத்த வேறுபாட்டையும் மின்னோட்டத்தையும் காட்டும் வரைபுக் கேள்வியில் அச்சுகளின் பெயரை வாசிக்காமல் படித்திறனை, அதாவது கோட்டின் சாய்வை, தடை என்று எழுதாதீர்கள். அழுத்த வேறுபாடு நிலைக்குத்து அச்சில் இருந்தால்தான் அது தடை. மின்னோட்டம் அங்கே இருந்தால் தடையின் தலைகீழ்.

பிறகு ஒருநாள், ஆய்வுகூடத்தில் தனியே கிடந்த 100 வாற்று இழைக்குமிழின் முனைகளில், தடையை அளக்கும் பல்மானியை வைத்துப் பார்த்தேன். 529ஐ எதிர்பார்த்தேன், மானி காட்டியது 40 ஓமைச் சுற்றி. கருவி பழுது என்று நினைத்து ரீச்சரிடம் கொண்டுபோனேன். “குமிழ் எரிகிறதா இப்போது?” என்று கேட்டார். தங்ஸ்தன் இழை குளிர்ந்திருக்கும்போது தடை குறைவு. வெண்சூடாகி எரியும்போது பத்து மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. கேத்தலுக்குள் இருக்கும் நிக்குரோம் சுருள் அப்படியல்ல. சூட்டில் அதன் தடை சொற்பமாகவே மாறும். அதனால்தான் கேத்தல் கணக்கில் 26.45 ஓமை நம்பி நடக்க முடிந்தது. ஓமின் விதியைக் கூறுக என்று கேட்டால் “வெப்பநிலை மாறாதிருக்கும்போது” என்று தொடங்கி எழுதுங்கள். அந்தச் சொற்களை விட்டதற்கு எனக்குப் புள்ளி வெட்டுப்பட்டிருக்கிறது.